அம்மாவின் ரத்தத்தைக் கொரோனா குடித்ததா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். மலையகத்தில் லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். இப்போது பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். அம்மாவுக்கு 56 வயது, முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். 2021 ஜூனில் அவருக்குக் கொரோனா வந்தது. காய்ச்சல் தொடங்கி நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். விரலில் மாட்டி ஒக்சிஜன் பார்க்கும் கருவி எப்போது பார்த்தாலும் 97, 96 என்றே காட்டியது. ஆனால் கழிவறைக்குப் போய்வந்தாலே மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும். மறுநாள் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 7.8, எம்.சி.வி. 64. ஃபெரிட்டின் 190 இருப்பதால் இரும்புச்சத்துக் குறைவு இல்லை என்று சொன்னார்களாம். ரத்தமும் ஏற்றவில்லை. வீட்டுக்கு வந்தபின் தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒரு மாதத்துக்கு இரும்பு மாத்திரை கிடைத்தது. கொஞ்சம் தெம்பு வந்தது, அதோடு விட்டுவிட்டோம்.

"கொரோனா ரத்தத்தைக் குடிச்சிருச்சு" என்பதுதான் லயத்தில் எல்லாருடைய பேச்சும். கொரோனாத் தடுப்பூசிதான் காரணம் என்கிறவர்களும் உண்டு. அம்மா ஊசி போட்டது குணமாகி வந்த பிறகு. இன்றைக்கும் மேடு ஏறும்போது நின்று நின்றுதான் ஏறுகிறார். முழங்கால் வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கிக் குடிப்பார், அதைத் தவிர வேறு வருத்தம் எதுவும் இல்லை. இது கொரோனா விட்டுப்போன களைப்புத்தானா?

இன்னொன்று. அண்ணி நுவரெலியா டவுனில் இருக்கிறார். ஐந்து மாதக் கர்ப்பிணி. ஹீமோகுளோபின் 11.3 என்றதும் "அதான் நல்லா இருக்கே" என்று கிளினிக்கில் கொடுத்த இரும்பு மாத்திரையை நிறுத்திவிட்டார். மலம் கறுப்பாகப் போவது வேறு பயமாம். உங்கள் பதிலை அவருக்கும் காட்டுவேன்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

இல்லை. உங்கள் அம்மாவின் ரத்தத்தைக் கொரோனா குடிக்கவில்லை. அது வரும்போதே அவருக்கு ரத்தம் குறைவாகத்தான் இருந்தது. நீங்கள் எழுதியிருக்கிற அந்த 64 என்ற எண்ணை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

நான் டொக்டர் இல்லை. மலைநாட்டு ஆஸ்பத்திரிகளில் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவள். அதனால் உங்கள் கடிதத்தில் என் கண் முதலில் போனது எண்களுக்குத்தான். எம்.சி.வி. என்பது சிவப்பணுக்களின் சராசரிப் பருமன். 80க்கும் 100க்கும் இடையில் இருக்க வேண்டும். 64 என்றால் மிகவும் சிறிய அணுக்கள். ஒரு சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும், ஒரு நாளைக்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவாகத்தான் புதிதாக மாறும். அம்மாவுக்குக் காய்ச்சல் தொடங்கி ஐந்தாறு நாளில் எடுத்த ரத்தம் அது. அந்த ஐந்தாறு நாளில் மொத்த அணுக்களில் நூற்றுக்கு ஐந்து மாறியிருந்தால் பெரிது. மீதித் தொண்ணூற்றைந்தும் கொரோனாவுக்கு முன்பே எலும்பு மச்சையில் பிறந்தவை. பிறக்கும்போதே குட்டையாகப் பிறந்தவை. அந்தச் சராசரியை ஒரு வாரத்தில் 64க்கு இறக்க எந்தக் கிருமியாலும் முடியாது.

ஊசிக்கும் இதே பதில்தான். அது போடுவதற்கு முன்பே எடுத்த ரிப்போர்ட் இது.

2021 நடுப்பகுதியில் இப்படி எத்தனை ரத்தத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. நல்ல சிவப்பணு நடுவில் மட்டும் கொஞ்சம் வெளிறி, மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு, மற்றபடி சிவந்து இருக்கும். நம் கொழுந்து எடுக்கிற பெண்கள் பலருடைய ரத்தத்தில் நடுப்பகுதி முழுக்க வெறுமையாக, ஓரத்தில் மட்டும் மெல்லிய கோடு இருக்கும். கண்ணாடி வளையல்களைக் கொட்டிப் பரப்பியது போல. கூடவே பென்சில் மாதிரி நீண்டு மெலிந்த அணுக்களும் தெரியும். இரும்பு இல்லாமல் கட்டிய அணுக்கள் இவை. பரிசோதனைக்கு வந்த காரணம் கொரோனா. தெரிந்ததோ, பல வருடத்துப் பற்றாக்குறை. ஒருநாள் அப்படி ஒரு கண்ணாடித் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் அம்மாவின் ஞாபகம் வந்துவிட்டது. அவருக்கும் கண்ணின் கீழ்இமையை இழுத்துப் பார்த்தால் வெள்ளையாகத்தான் இருக்கும். "இவளுக்குச் சின்ன வயசிலிருந்தே ரத்தம் பத்தாது" என்று சொல்லிவிட்டு எல்லாரும் அவரவர் வேலையைப் பார்ப்போம். அது அவருடைய நிறம், அவருடைய சுபாவம் என்பது போல. அம்மாவை ஒருநாளாவது பரிசோதனைக்கு அழைத்துப் போயிருக்கலாமே என்ற வேதனை எனக்கு இன்றும் போகவில்லை.

சரி, ஃபெரிட்டின் 190 இருந்ததே, அப்புறம் எப்படி இரும்புக் குறைவு என்பீர்கள். இங்கேதான் பலரும் தவறிவிடுகிறார்கள். ஃபெரிட்டின் என்பது இரும்பைச் சேர்த்துவைக்கும் புரதம். சாதாரண நாளில் அது குறைந்தால் இரும்பு குறைவு என்று அர்த்தம். ஆனால் உடம்பில் தொற்றோ அழற்சியோ இருக்கும்போது, இரும்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஃபெரிட்டின் ஏறும். கொரோனாவில் அது ஆயிரக்கணக்கில் ஏறியவர்களும் உண்டு. காய்ச்சலோடு கிடக்கிறவரின் ஃபெரிட்டினை மட்டும் பார்த்து "இரும்பு போதும்" என்று முடிவு கட்டக் கூடாது.

கொரோனாவுக்கு இதில் பங்கே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். தொற்று வந்ததும் உடம்பு ஒரு காரியம் செய்கிறது. கிருமிகளுக்கும் இரும்பு வேண்டும் என்பதால் அதை ஒளித்துவைக்கப் பார்க்கிறது. அழற்சிச் செய்தி ஈரலுக்குப் போகும், ஈரல் ஹெப்சிடின் என்ற ஒன்றைச் சுரக்கும், அது குடலிலும் இரும்பு சேர்ந்திருக்கும் அணுக்களிலும் உள்ள வாசலை அடைத்துவிடும். ஸ்டோரில் கோதுமை மா மூட்டை இருக்கிறது, ஆனால் கதவில் பூட்டு. ரத்தம் கட்டும் மச்சைக்கு ஒன்றும் வந்து சேராது. இதை அழற்சிச் சோகை என்பார்கள், சோகை என்றால் ரத்தக் குறைவு. 2020இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக் நகரில் கொரோனாவுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்த 259 பேரை ஆராய்ந்தபோது, ஏறக்குறைய நான்கில் ஒருவர் சேரும்போதே சோகையோடு இருந்தார்கள். அதில் பெரும்பகுதி இந்த வகைதான். சோகை இருந்தவர்களில் இறப்பும் அதிகமாக இருந்தது. சோகைதான் கொன்றது என்று இதற்கு அர்த்தமில்லை. வயதானவர்கள், வேறு நோய் உள்ளவர்கள் சோகை, இறப்பு இரண்டிலும் அதிகம் மாட்டுவார்கள். ஆனாலும் குறைந்த ரத்தத்தோடு நுரையீரல் நோயைத் தாங்குவது கடினம் என்பதை யாரும் மறுக்க முடியாது. அதிதீவிர சிகிச்சையில் நாள்தோறும் எடுக்கும் ரத்தம், ரத்தம் உறையாதிருக்கக் கொடுக்கும் மருந்தால் வரும் கசிவு, அரிதாக உடம்பே தன் சிவப்பணுவை அழித்துக்கொள்வது, இவையும் உண்டு. ஆனால் கொரோனாக் கிருமி ஹீமோகுளோபினுக்குள் புகுந்து இரும்பைப் பிடுங்கி எறிகிறது என்று 2020இல் பரவிய கதை, கணினிக் கணிப்பை வைத்து எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து கிளம்பியது. நோயாளிகளில் அது நிரூபணமாகவில்லை. "ரத்தத்தைக் குடிச்சிருச்சு" என்ற பேச்சும் அந்தக் கதையும் சேர்ந்துகொண்டு, பழைய பற்றாக்குறையை நம் கண்ணிலிருந்து மறைத்துவிட்டன என்பதுதான் என் ஆதங்கம்.

இப்போது விரல் கருவிக்கு வருகிறேன். 97 என்று அது காட்டியது பொய் இல்லை. ஆனால் அது என்ன சொல்கிறது என்பதைத்தான் நாங்கள் யாரும் சரியாகச் சொல்லிக் கொடுக்கவில்லை. மலையில் கொழுந்துக் கூடைகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கூடையும் விளிம்புவரை நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் அந்தக் கருவி பார்க்கும். மொத்தம் எத்தனை கூடை வந்தது என்று எண்ணாது. கூடை என்பது ஹீமோகுளோபின், கொழுந்து என்பது ஒக்சிஜன். ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏறக்குறைய 1.34 மில்லிலீற்றர் ஒக்சிஜனைச் சுமக்கும். ஹீமோகுளோபின் 13, அதாவது 100 மில்லிலீற்றர் ரத்தத்தில் 13 கிராம், உள்ள ஒருவருக்குக் கருவி 97 காட்டினால், அந்த 100 மில்லிலீற்றர் ரத்தத்தில் ஏறக்குறைய 17 மில்லிலீற்றர் ஒக்சிஜன் போகிறது. உங்கள் அம்மாவுக்கு அதே 97தான், ஆனால் போனது 10. கழிவறைக்கு நடக்கும் இருபதடிக்கு அவர் நெஞ்சு படபடத்தது இதனால்தான். மீதி 7 மில்லிலீற்றரை ஈடுகட்ட இதயம் ஓடியது. "கருவி நல்லாத்தான் காட்டுது, சும்மா பயப்படுறீங்க" என்று அந்த நாட்களில் எத்தனை அம்மாமாரிடம் சொல்லியிருப்பார்கள்.

ரத்தம் ஏற்றாததைப் பற்றி மனக்குறை வேண்டாம். ரத்தக் கசிவோ இதய நோயோ இல்லாமல் நிலை சீராக இருக்கிறவருக்குப் பொதுவாக 7க்குக் கீழே போனால்தான் ஏற்றுவார்கள். ஆனால் 7.8 என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவில் கடும் சோகை. அப்படிப்பட்டவரை, காரணம் எது என்று தேடச் சொல்லாமல் அனுப்பியதுதான் குறை. ஒரு மாத மாத்திரையால் ரத்தம் கொஞ்சம் ஏறும், அதுதான் அந்தத் தெம்பு. களஞ்சியம் நிரம்பாது. ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் போலத் தொடர்ந்து குடித்தால்தான் சேமிப்பு திரும்பும்.

ஆகவே இன்றைய மூச்சு வாங்கலைக் கொரோனாக் களைப்பு என்று எழுதி மூடிவிடாதீர்கள். கொரோனாவுக்குப் பின் மாதக்கணக்கில் நீடிக்கும் களைப்பு உண்மையாகவே உண்டு, அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் முதலில் ரத்தத்தைப் பாருங்கள். காய்ச்சல், சளி எதுவும் இல்லாத நேரத்தில் முழு ரத்தப் பரிசோதனையும் ஃபெரிட்டினும் எடுக்கச் சொல்லுங்கள். பரம்பரையாக வரும் தலசீமியாச் சுவடும் அணுக்களைச் சிறிதாக்கும். அதற்கு இரும்பு மருந்தாகாது, எனவே அதையும் பார்த்துவிட வேண்டும். ரத்தம் நிமிர்ந்த பிறகும் களைப்பு இருந்தால், அப்புறம் தைரொயிட், இதயம், நுரையீரல் என்று போகலாம்.

இரும்பு எங்கே போனது என்ற கேள்விக்கு நம் மலையகத்தில் பழைய பதில் ஒன்று உண்டு: கொக்கிப்புழு. வெறுங்காலோடு ஈரமண்ணில் நடந்தவர்களின் குடலில் குடியேறி ரத்தம் உறிஞ்சும் புழு. 1916லேயே அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அமைப்பின் துணையோடு நம் தோட்டங்களில் அதற்கு எதிராக இயக்கம் நடந்தது. குடல்புழுவுக்கான பூச்சி மருந்தை இன்றும் மறக்கக் கூடாது. இன்னொரு காரணம் நாமே பறித்துக் கொடுக்கிற தேயிலை. ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டு, கை கழுவாமலே ஒரு கோப்பை சாயத்தண்ணி குடிக்கிற பழக்கம் எனக்கும் இருந்தது. கீரை, பருப்பு, கோதுமை மா ஆகியவற்றில் உள்ள இரும்பைத் தேயிலைச் சாயம் பிடித்துக்கொள்ளும். பாதிக்கு மேல் குடலில் ஏறாமலே போய்விடும். தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை, விட மாட்டோம். சாப்பாட்டுக்கும் அதற்கும் ஒரு மணிநேரமாவது இடைவெளி விடுங்கள். கீரைக்குக் கொஞ்சம் தேசிக்காய்ப்புளி விட்டால் இரும்பு நன்றாக ஏறும். நெத்தலி, கருவாடு, இறைச்சியில் உள்ள இரும்பு இன்னும் சுலபமாக ஏறும். வாங்கக் காசு வேண்டும் என்பது எனக்குத் தெரியும். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபாயாகும்வரை எத்தனை வருடம் காத்திருந்தோம், அதிலும் பறித்த கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான், என்று எத்தனை தகராறு. இரும்பைப் பற்றிப் பேசும்போது அதையும் பேசத்தான் வேண்டும்.

அண்ணிக்கு இரண்டு விஷயம் சொல்லுங்கள். மலம் கறுப்பாவது மாத்திரையால், அதில் பயமில்லை. வயிற்றைப் புரட்டினால் இரவில் குடித்துப் பார்க்கட்டும். கல்சியம் மாத்திரையோடு சேர்த்துக் குடிக்க வேண்டாம். அடுத்தது முக்கியமானது. உயரமான இடத்தில் காற்றில் ஒக்சிஜன் குறைவு என்பதால் உடம்பு கொஞ்சம் கூடுதலாக ஹீமோகுளோபின் வைத்துக்கொள்ளும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர். உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டல்படி, 1500 மீற்றரிலிருந்து 1999 மீற்றர் வரை வசிப்பவர்களின் அளவில் 1.1ஐக் கழித்துப் பார்க்க வேண்டும். அண்ணியின் 11.3 அப்போது 10.2. கர்ப்பத்தின் நடு மூன்று மாதத்துக்கு எல்லை 10.5. கொழும்பில் நன்று என்கிற எண் நுவரெலியாவில் நன்று இல்லை. கிளினிக் டொக்டரிடம் இதைச் சொல்லிக் கேட்கட்டும். அதுவரை மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

கடைசியாக அந்த முழங்கால் மாத்திரை. கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த வரியைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். பரசிற்றமோல் என்றால் கவலையில்லை. டைக்குளோஃபெனக், ஐபுபுரோஃபென் மாதிரி என்றால், வருடக்கணக்கில் குடிக்கும்போது இரைப்பையில் புண்ணாகி, வெளியே தெரியாமல் ரத்தம் கசியலாம். மாதவிடாய் நின்ற வயதில் ஒரு பெண்ணுக்கு இரும்பு குறைந்தால் வயிற்றிலும் குடலிலும் கசிவு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். மலத்தில் மறைந்த ரத்தத்துக்கான பரிசோதனையும், தேவைப்பட்டால் கமெரா விட்டுப் பார்ப்பதும் அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லாமல் செய்யலாம். மலம் தார்போல ஒட்டிக் கறுப்பாகப் போனால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காதீர்கள். அம்மா இப்போது இரும்பு மாத்திரை குடிக்காததால், கறுப்புக்கு அது காரணமாக இருக்க முடியாது.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது 2021 ரிப்போர்ட்டையும் அந்த வலி மாத்திரையின் அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். அட்டையில் இருக்கும் பெயரை எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா