சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் காரின் டர்போவை வீட்டிலேயே கழற்ற முடியுமா?

தாராளமாக முடியும். டர்போ என்பது எக்ஸாஸ்ட் புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் பாகம். நான்கு சக்கரமும் இழுக்கும் ஆல் வீல் டிரைவ் வண்டியாயிற்றே, கியர்பாக்ஸை இறக்க வேண்டியிருக்குமோ என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். நீங்கள் சொன்ன 2004 மாடலில் பானட்டைத் திறந்து, மேலே உட்கார்ந்திருக்கும் இன்டர்கூலரை (டர்போ தரும் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) கழற்றினாலே, காரின் வலது பக்கம், இன்ஜினின் பின்னால் டர்போ தெரியும். டர்போவிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் டவுன்பைப்பின் அடிப்பக்க போல்ட்டுகளுக்கு மட்டும் வண்டிக்குக் கீழே போக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம். முன் சக்கரங்கள் மட்டும் தூக்கியிருக்கும்போது கியரில் போட்டு ஓட்டிப் பார்க்கவே கூடாது. பின் சக்கரங்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடும்.

உண்மையான வேலை துருப்பிடித்த நட்டுகளிடம்தான். நான் இருக்கும் டொராண்டோ பக்கம் குளிர்காலம் முழுக்க சாலையில் உப்பு கொட்டுவார்கள். அதோடு எக்ஸாஸ்ட் சூடும் சேர்ந்தால் நட்டும் அது ஏறியிருக்கும் மரைக் கம்பியான ஸ்டட்டும் ஒன்றாகிவிடும். முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெயை அடித்துவிடுங்கள். மறுநாள் ஆறு முனை சாக்கெட்தான் போட வேண்டும், பன்னிரண்டு முனை வேண்டாம். 14 நம்பர் நட்டின் மூலைகள் ஒருமுறை மழுங்கிவிட்டால் அந்த நாளே போச்சு. கொஞ்சம் கழற்றி, கொஞ்சம் திரும்ப இறுக்கி, மறுபடி எண்ணெய் விட்டு, மறுபடி கழற்றுங்கள். முறுமுறு சத்தம் மாறி நட்டு வழுக்கிச் சுற்றுவது கைக்கே தெரியும்.

மற்றதெல்லாம் சுலபம். ஆயில் வரும் குழாய், இரண்டு கூலன்ட் குழாய்கள், காற்று வரும் ஹோஸ். இன்ஜின் நன்றாக ஆறியபின் தொடுங்கள். கடைசியில் அடியில் உள்ள ஆயில் வடியும் ரப்பர் ஹோஸ் விடாமல் பிடித்துக்கொள்ளும். கிளாம்பைத் தளர்த்தி, டர்போவை இலேசாக ஆட்டியபடி மேலே தூக்குங்கள். வந்ததும் அந்த ஓட்டையைத் துணியால் அடையுங்கள். ஒரு வாஷர் உள்ளே விழுந்தாலும் நேராக இன்ஜினுக்குள் போய்விடும்.

புதிய டர்போவை மாட்டும் முன், பழையது ஏன் போனது என்று பாருங்கள். இதைத்தான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். டர்போவின் நடுவே சுழலும் ஷாஃப்டை முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள், அசையவே கூடாது. பக்கவாட்டில் துளி ஆட்டம் இருந்தால் பரவாயில்லை. புகை பட்டுச் சுழலும் டர்பைன் இறக்கைகள் நசுங்கியிருந்தால், இன்ஜினிலிருந்து டர்போவுக்குப் புகையைக் கொண்டுவரும் அப்-பைப்பைச் சந்தேகப்படுங்கள். அமெரிக்க, கனடிய சந்தைக்கு வந்த உங்கள் மாடலில் அதற்குள்ளேயே புகையைச் சுத்தம் செய்யும் ஒரு கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உண்டு, அது உடைந்தால் துண்டுகள் நேரே டர்போவுக்குத்தான் போகும். ஷாஃப்ட் கருகியிருந்தால் ஆயில் போய்ச் சேரவில்லை. ஆயில் குழாயை மாற்றுங்கள், அதைப் பிடிக்கும் உள்ளே துளையுள்ள பான்ஜோ போல்ட்டுக்குள் சின்ன வலை இருந்தால் அதையும் பாருங்கள். செப்பு வாஷர்கள், கேஸ்கெட்டுகள் எல்லாம் புதிதாகவே இருக்கட்டும்.

மாட்டும்போது டர்போவின் ஆயில் துளையில் கொஞ்சம் புது ஆயில் ஊற்றி, அதன் இறக்கைச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். அப்புறம் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாமலிருக்க கிராங்க் சென்சார் கனெக்டரைப் பிடுங்கிவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை விட்டு விட்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். கனெக்டரை மாட்டி, கூலன்ட் அளவைச் சரிபார்த்து ஸ்டார்ட் செய்யலாம்.