கொடுத்தவர்கள் ஏன் கொடுத்தார்கள்? டிரேடில் வந்த இளம் பேஸ்பால் வீரர்கள்: கேள்வி பதில்

ஜூலை முடியும் வாரம் அமெரிக்க பேஸ்பாலுக்குச் சந்தை நாள். தோற்றுக்கொண்டிருக்கும் அணி தன் நட்சத்திரத்தைக் கொடுத்துவிட்டு, யாரும் கேள்விப்படாத நான்கு பையன்களை வாங்கி வரும். இந்தக் கைமாற்றுக்கு டிரேடு என்று பெயர். அந்தப் பையன்களை எப்படி எடைபோடுவது என்று பலர் கேட்டிருந்தீர்கள். நான் ஸ்கவுட் (அணிகளுக்காக ஆள் தேடும் நிபுணர்) அல்ல, கணக்கு எழுதிப் பிழைப்பவன். ஆனால் பல கோடைகாலங்களாக வர்ஜீனியாவின் மைனர் லீக் மைதானங்களில் கையில் நோட்டோடு உட்கார்ந்திருக்கிறேன். அந்த உரிமையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி (சார்லட்): அண்ணா, எனக்குக் கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். அலுவலகத்தில் 'ஹை-ஏ பையன்', 'டபுள்-ஏ பையன்' என்கிறார்கள். ஒன்றும் புரியவில்லை.

பதில்: ஒவ்வொரு பெரிய அணிக்கும் கீழே மைனர் லீக் என்ற படிக்கட்டு இருக்கிறது. அடியில் ரூக்கி நிலை, அதற்கு மேல் சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ. ரஞ்சியில் ஆடுகிறவர் எந்த ஐ.பி.எல். அணிக்கும் சொத்து அல்ல. இங்கே படிக்கட்டில் நிற்கிற ஒவ்வொரு வீரரின் ஒப்பந்தமும் மேலே இருக்கும் அணியின் கையில் இருக்கிறது. அதனால்தான் பெரிய மைதானத்தையே பார்க்காத பையனைக் கொடுத்துப் பெரிய ஆட்டக்காரரை வாங்க முடிகிறது.

படிகளில் டபுள்-ஏதான் கடினமான படி. வெறும் வேகத்தால் பிழைத்த பிட்சரும் (பந்து வீசுபவர்), நேராக வரும் பந்தை மட்டும் அடித்துப் பெயர் வாங்கிய பேட்டரும் அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். ஆகவே புள்ளிவிவரத்தைப் பார்ப்பதற்கு முன் இரண்டு விஷயம் கேளுங்கள்: வயது என்ன, எந்தப் படியில் நிற்கிறார்? டபுள்-ஏவில் 20 வயதுப் பையன் .250 (நூறு வாய்ப்பில் 25 ஹிட்) அடிப்பது, அதே இடத்தில் 25 வயதுக்காரர் .310 அடிப்பதைவிடப் பெரிய செய்தி. ஐந்தாம் வகுப்பில் இரண்டு முறை உட்கார்ந்தவன் முதல் மதிப்பெண் வாங்கினால் நாம் ஊரெல்லாம் மிட்டாய் கொடுப்பதில்லையே!

கேள்வி (ஆர்லிங்டன், வர்ஜீனியா): எங்கள் வாஷிங்டன் அணி நட்சத்திர பேட்டர் ஹுவான் சோட்டோவைக் கொடுத்த நாளில் நான் அழவில்லை, அவ்வளவுதான். இப்போது திரும்பிப் பார்த்தால் வாஷிங்டன் ஏமாந்ததா, இல்லையா?

பதில்: நானும் அந்த வாரம் யாரோடும் பேசவில்லை. 2022 ஆகஸ்ட் 2. பதினைந்து வருடத்துக்கு 440 மில்லியன் டாலர் தருகிறோம் என்று வாஷிங்டன் சொல்லி, அவர் வேண்டாம் என்றுவிட்ட பிறகு நடந்த டிரேடு. சோட்டோவும் ஜாஷ் பெல்லும் சான் டியாகோவுக்குப் போனார்கள். வந்தவர்களில் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவில் நிற்பவர்) சி.ஜே. ஏப்ரம்ஸுக்கு 21 வயது, இடக்கை பிட்சர் மெக்கன்ஸி கோருக்கு 23, ராபர்ட் ஹாசலுக்கு 20, ஜேம்ஸ் வுட்டுக்கு 19, ஹார்லின் சுசானாவுக்கு 18. கூடவே அனுபவசாலி லூக் வோய்ட்.

அன்றிரவு என் நோட்டில் நான் எழுதிய வரிசையை மறைக்க விரும்பவில்லை. ஏப்ரம்ஸ், கோர், ஹாசல், பிறகுதான் வுட். காரணம் சோம்பேறித்தனம். ஏப்ரம்ஸும் கோரும் ஏற்கெனவே மேலே, பெரிய லீக்கில், ஆடிவிட்டார்கள். ஹாசல் 2020 டிராஃப்டில் (புது வீரர்களை அணிகள் முறைபோட்டு எடுக்கும் தேர்வு) எட்டாவதாக எடுக்கப்பட்டவர். வுட் 2021இல் இரண்டாவது சுற்றில் போனவர், அப்போது சிங்கிள்-ஏவில் இருந்தார். டிராஃப்டில் கிடைத்த இடத்தை நான் ஜாதகம்போல் படித்துவிட்டேன். அது எடுத்த நாளின் விலை. அதற்குப் பிறகு அந்தப் பையன் என்ன ஆனான் என்பதை அது சொல்லாது.

டிரேடுக்குப் பிறகு வுட் எங்கள் ஃப்ரெடரிக்ஸ்பர்க்குக்கு ஆட வந்தார். ஆறடி ஏழு அங்குலம். பின்னால் குந்தியிருந்த கேட்சர் பள்ளிக்கூடப் பையன்போல் தெரிந்தார். அவ்வளவு நீளமான கைகாலோடு இருப்பவருக்கு ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் விழுந்து ஆட்டமிழப்பது) அதிகம் வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். சொன்னது பலித்தது: 2025இல் 221 முறை ஸ்ட்ரைக் அவுட். ஒரு பருவத்துக்கான லீக் சாதனை 2009இல் மார்க் ரெனால்ட்ஸ் வைத்த 223. இரண்டே இரண்டு குறைவு. ஆனால் அதே வருடம் 31 ஹோம் ரன் (நம் சிக்ஸர்போல) அடித்து, நட்சத்திரங்கள் மட்டும் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கும் போனார். குறை இருந்தது, குறையோடு சேர்த்தே ஆள் விளைந்தார். ஏப்ரம்ஸ் 2024இல் ஆல்-ஸ்டார், கோர் 2025இல். ஹாசல் கையில் எலும்பு முறிந்து, அடிக்கும் வலிமை திரும்ப நாளாகி, 2025 மே மாதம்தான் மேலே வந்தார்.

ஐந்தில் மூன்று பேர் ஆல்-ஸ்டார் ஆவது இந்தச் சந்தையில் அபூர்வம். ஏமாந்தோம் என்று நான் சொல்ல மாட்டேன். அணி அதை வைத்து எத்தனை ஆட்டம் ஜெயித்தது என்று கேட்காதீர்கள், இரத்த அழுத்தம் ஏறுகிறது.

கேள்வி (ஸ்கார்பரோ): வணக்கம் அண்ணை. நாங்கள் டொரொன்டோ புளூ ஜேஸ் அணியின் ஆட்கள். பிட்சர் ராய் ஹாலடேயைக் கொடுத்து வாங்கியதில் ஒன்றுமே தேறவில்லை என்று என் மாமா இன்றும் சொல்லுகிறார். உண்மையா?

பதில்: மாமா பாதி சரி. 2009 டிசம்பரில் ஹாலடே பிலடெல்பியாவுக்குப் போனபோது வந்தவர்கள் மூவர்: பிட்சர் கைல் டிரேபெக், கேட்சர் டிராவிஸ் டார்னோ, மைக்கேல் டெய்லர். பெரிய பெயர் டிரேபெக்தான். அப்பா டக் டிரேபெக் 1990இல் சை யங் விருது (லீக்கின் சிறந்த பிட்சருக்கானது) வாங்கியவர், மகனுக்கும் நல்ல வேகம். ஆனால் டிரேடுக்கு முன்பே, 2007இல், அவர் முழங்கையில் டாமி ஜான் அறுவை சிகிச்சை (கிழிந்த தசைநாரைச் சரிசெய்வது) செய்துகொண்டவர். 2012இல் இரண்டாவது முறையும் அதே அறுவை. அதோடு கதை முடிந்தது.

மாமா மறந்த மறுபாதி டார்னோ. அவரையும், சிங்கிள்-ஏவில் லான்சிங் அணியில் ஆடிய நோவா சின்டர்கார்டையும் சேர்த்து 2012 டிசம்பரில் நியூயார்க் மெட்ஸுக்குக் கொடுத்துத்தான், அந்த வருட சை யங் வெற்றியாளர் ஆர்.ஏ. டிக்கியை டொரொன்டோ வாங்கியது. டிக்கி நான்கு பருவங்களில் 49 ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தார். மெட்ஸ் பக்கம் சின்டர்கார்ட் 2015 உலகத் தொடரில் பந்து வீசினார். அந்த இரண்டாவது டிரேடில் யார் ஜெயித்தார்கள் என்பதற்கு உங்கள் வீட்டில் ஒரு பதில், மெட்ஸ் ஆடும் குயீன்ஸில் வேறு பதில்.

இளம் வீரர் என்றால் நாளைக்கு நம் சட்டையைப் போட்டு ஆடப்போகிறவர் என்று மட்டும் எண்ண வேண்டாம். அவர் கையில் இருக்கும் நகையும்கூட: போடலாம், அடகு வைக்கலாம். இளம் பிட்சர் சிமியன் உட்ஸ் ரிச்சர்ட்சனைப் பாருங்கள். 2019 ஜூலையில் பிட்சர் மார்க்கஸ் ஸ்ட்ரோமனுக்குப் பதிலாக மெட்ஸிலிருந்து டொரொன்டோவுக்கு வந்தபோது 18 வயது. இரண்டே வருடத்தில் பிட்சர் ஹோசே பெரியோஸுக்குப் பதிலாக, ஆஸ்டின் மார்ட்டினோடு சேர்த்து மினசோட்டாவுக்குக் கைமாறினார். டொரொன்டோ சட்டையில் பெரிய லீக்கில் ஒரு பந்துகூட வீசாமலே அணிக்கு உதவிவிட்டுப் போனார்.

கேள்வி (ட்ராய், மிச்சிகன்): பக்கத்து வீட்டுப் பெரியவர் ஜான் ஸ்மோல்ட்ஸ் பெயரைக் கேட்டாலே கதவைச் சாத்துகிறார். அன்று டெட்ராய்ட்டில் ஒருவருக்கும் தெரியவில்லையா?

பதில்: 'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்பார்கள். 1987இல் ஸ்மோல்ட்ஸின் முளையைப் பார்த்தால் பிடுங்கி எறிந்திருப்பீர்கள். டபுள்-ஏவில் கிளென்ஸ் ஃபால்ஸ் அணிக்கு நான்கு வெற்றி, பத்து தோல்வி, சராசரி 5.68 (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன், குறைந்தால்தான் நல்லது). அவரைக் கொடுத்து டெட்ராய்ட் அட்லான்டாவிடமிருந்து பிட்சர் டாயில் அலெக்சாண்டரை வாங்கியது. அலெக்சாண்டர் எஞ்சிய பருவத்தில் ஒன்பது ஆட்டம் ஜெயித்தார், ஒன்றிலும் தோற்கவில்லை. டெட்ராய்ட் தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. வாங்கியது வேலை செய்தது என்பதைப் பெரியவரிடம் நினைவுபடுத்துங்கள், கதவு திறந்திருந்தால்.

ஆனால் அட்லான்டா 5.68ஐ வாங்கவில்லை. டபுள்-ஏவில் ஆடும் இருபது வயதுக் கையை வாங்கியது. அந்தக் கை 213 வெற்றியும் 154 சேவும் (கடைசியில் வந்து வெற்றியைக் காப்பது) எடுத்து, 2015இல் ஹால் ஆஃப் ஃபேம் என்ற புகழ் மண்டபத்துக்குப் போனது.

கேள்வி (சான் ஹோசே): 20-80 மதிப்பெண் என்கிறார்களே, நூற்றுக்கு ஏன் போடுவதில்லை?

பதில்: ஸ்கவுட்களின் வழக்கம் அது. 50 என்றால் பெரிய லீக்கின் சராசரி, 80 என்றால் தலைமுறைக்குச் சிலர். அடிக்கும் திறன், வலிமை, ஓட்டம், ஃபீல்டிங், எறியும் கை என்று தனித்தனியாகப் போடுவார்கள். ஒவ்வொன்றிலும் இன்றைய மதிப்பெண், எதிர்கால மதிப்பெண் என இரண்டு உண்டு. ரசிகர்கள் இரண்டாவதை மட்டும் படித்துவிட்டுக் கனவு காண்கிறார்கள்.

கேள்வி (பாஸ்டன்): நல்ல பையனாக இருந்தால் அந்த அணி ஏன் கொடுக்கிறது? ஏதோ ஓட்டை இருப்பதால்தானே தள்ளிவிடுகிறார்கள்?

பதில்: பாஸ்டனில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்கள்! உங்கள் ஊர்க் கதைதான் பதில். 1990 ஆகஸ்ட் கடைசி. பாஸ்டனுக்கு ஒரு ரிலீஃப் பிட்சர் (ஆட்டத்தின் நடுவில் வந்து வீசுபவர்) அவசரமாகத் தேவை. ஹியூஸ்டனிடம் 37 வயது லாரி ஆண்டர்சன் இருந்தார். பதிலுக்கு டபுள்-ஏவில் நியூ பிரிட்டன் அணியின் மூன்றாம் பேஸ் ஆட்டக்காரர் ஜெஃப் பேக்வெல். மேலே அதே இடத்தில் வேட் பாக்ஸ் உட்கார்ந்திருக்கிறார், பின்னாலேயே ஸ்காட் கூப்பர் வருகிறார், முதல் பேஸுக்கு மோ வானை வளர்க்கிறார்கள். இலை போட இடமில்லாத பந்தி.

பேக்வெல் அந்த வருடம் .333 அடித்தார், ஆனால் நான்கே ஹோம் ரன். அந்த நான்கைப் பார்த்துத்தான் ஏமாந்தார்கள். 34 டபுள் (இரண்டாம் பேஸ் வரை ஓட வைக்கும் அடி) இருந்தது, ஸ்ட்ரைக் அவுட்டைவிட வாக் (நான்கு தவறான பந்தை விட்டுவிட்டு முதல் பேஸ் பெறுவது) அதிகம் இருந்தது. பந்தைப் பிரித்தறியும் கண் இருக்கும் 22 வயதுப் பையனுக்கு உடம்பு முற்ற முற்ற டபுள்கள் சுவரைத் தாண்டும். பிறகு ஹியூஸ்டனுக்கு அவர் அடித்தது 449 ஹோம் ரன். ஆண்டர்சன் பாஸ்டனுக்கு வீசியது 22 இன்னிங்ஸ்.

ஆகவே 'ஏன் கொடுத்தார்கள்' என்பதற்கு மூன்று வகைப் பதில் உண்டு. இடமில்லை, காலமில்லை, நம்பிக்கையில்லை. முதல் இரண்டும் நமக்கு நல்ல சேதி. மூன்றாவதுதான் ஆபத்து, ஏனென்றால் அந்தப் பையனோடு தினமும் இருந்தவர்களுக்கு நமக்குத் தெரியாதது தெரியும். நான்காவதாக ஒன்றும் உண்டு: கொடுப்பவருக்கே தெரியாது. 2016இல் ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியரை சிகாகோ ஒயிட் சாக்ஸ் சான் டியாகோவுக்குக் கொடுத்தபோது அவருக்கு 17 வயது, தொழில்முறையில் ஓர் ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை.

கேள்வி (எடிசன்): பிட்சரை வாங்குவது நல்லதா, பேட்டரையா?

பதில்: என் பணமாக இருந்தால் பேட்டர். முழங்கை உடைந்தால் பிட்சருக்கு ஒரு வருடத்துக்கு மேல் போய்விடும். 2016 டிசம்பரில் கிறிஸ் சேலுக்குப் பதிலாக சிகாகோவுக்கு வந்த மைக்கேல் கோபெக், மேலே வந்த சில வாரத்திலேயே டாமி ஜான் அறுவைக்குப் போனார்.

கேள்வி (ரிச்மண்ட், வர்ஜீனியா): நேரில் போய்ப் பார்த்தால் எங்களைப்போன்றவர்களுக்கு ஏதாவது தெரியுமா?

பதில்: தெரியும், ஸ்கோர் பலகையைப் பார்ப்பதை நிறுத்தினால். ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் நான்கைந்து வரிசை தள்ளி உட்காருங்கள். ஸ்கவுட்களும் அங்கேதான் இருப்பார்கள். கைபேசியில் இருக்கும் ஸ்டாப்வாட்ச் போதும். வலக்கை பேட்டர் பந்தை அடித்த சத்தத்திலிருந்து முதல் பேஸை மிதிக்கும் வரை 4.3 விநாடி என்றால் சராசரி ஓட்டம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஜூன் மாலை. டிரேடில் வந்த பையன் ஒருவன், பெயர் வேண்டாம், முதல் இரண்டு முறையும் தரையில் விழும் ஸ்லைடரை (கடைசியில் விலகி இறங்கும் பந்து) துரத்தி ஸ்ட்ரைக் அவுட். எனக்குப் பின்னால் ஒருவர் பொரித்த உருளைக்கிழங்கை மென்றுகொண்டே 'இவனுக்கா அவரைக் கொடுத்தார்கள்' என்றார். மூன்றாவது முறை மறுபடியும் இரண்டு ஸ்ட்ரைக். அதே பிட்சர், அதே ஸ்லைடர். மட்டை பாதி வழி வந்து, மணிக்கட்டு இறுகி, நின்றது. அடுத்த பந்தும் அதே இடத்துக்கு வந்தது. இந்த முறை தோள்கூட அசையவில்லை. இன்னும் இரண்டு பந்தில் வாக். முன் வரிசையில் அதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த ஸ்கவுட், பேனா மூடியைப் பல்லால் கழற்றி ஏதோ எழுதினார். மறுநாள் செய்தியில் அந்தப் பையன் 'இரண்டு வாய்ப்பில் பூஜ்யம்' என்றுதான் இருந்தது, வாக் அந்தக் கணக்கில் வராது. ஒரே மாலையில் பாடம் படித்த பையனை நான் பார்த்திருந்தேன்.

கேள்வி (பிட்ஸ்பர்க்): எங்கள் அணி ஒருவரைக் கொடுத்து இரண்டு பையன்களை வாங்கியது. மூன்றாமவர் 'பெயர் பின்னர் அறிவிக்கப்படும்' என்கிறார்கள். இது ஏமாற்று வேலைதானே?

பதில்: அந்த வார்த்தையால் உங்கள் ஊர் பட்ட சூடு எனக்குத் தெரியும். 2018 ஜூலை 31, கிறிஸ் ஆர்ச்சரை வாங்க டேம்பா பேவுக்குக் கொடுத்தது டைலர் கிளாஸ்னோ, ஆஸ்டின் மெடோஸ், கூடவே பெயர் சொல்லாத ஒருவர். இரண்டு வாரம் கழித்துப் பெயர் வந்தது: ஷேன் பாஸ், 2017 டிராஃப்டின் பன்னிரண்டாவது ஆள். மெடோஸ் மறு வருடமே 33 ஹோம் ரன். உங்கள் ஊரில் ரிலீஃபில் வீணாகிக்கொண்டிருந்த கிளாஸ்னோவை அவர்கள் தொடக்க பிட்சராக்கினார்கள்.

பெயர் சொல்ல விதிப்படி ஆறு மாத அவகாசம் உண்டு. பெரும்பாலும் இரண்டு அணிகளும் ஒரு சிறு பட்டியலை ஒத்துக்கொண்டு, கொஞ்சம் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுக்கும். இந்த முறை காத்திருப்பவர்கள் நீங்கள். பெயர் வந்ததும் வயதும் எந்தப் படி என்பதும் எழுதி அனுப்புங்கள், சராசரி எனக்கு வேண்டாம்.