திராட்சை விவசாயியோடு ஒரு ஷாம்பெய்ன் விருந்து: கொடுக்கும் பணத்துக்குத் தகுமா?

கேள்வி இதுதான்: பிரான்ஸின் ஷாம்பெய்ன் பகுதியில் இருக்கும் எப்பெர்னே நகரத்து உணவகம் ஒன்றில், சொந்தத் தோட்டத்துத் திராட்சையில் ஷாம்பெய்ன் தயாரிக்கும் சிறு விவசாயி ஒருவரின் ஒயின்களோடு இரவு விருந்து நடக்கிறது. ஆளுக்கு 120 யூரோ. பெயர்போன பிராண்டு எதுவும் இல்லாத விருந்துக்கு இவ்வளவு கொடுக்கலாமா?

கொடுக்கலாம், அந்த விவசாயி நேரில் வருகிறார் என்றால். முன்பதிவு செய்யும்போதே இதைக் கேட்டுவிடுங்கள். பாட்டில்கள் மட்டும் வந்து அவர் வராத விருந்தில் நல்ல சாப்பாடும் நல்ல ஒயினும் கிடைக்கும், அவ்வளவுதான். அதே பாட்டிலை அவர் வீட்டுக்கே போய், உணவகம் போடும் விலையில் பாதிக்கும் குறைவாக வாங்கிவிடலாம். அவர் வந்தால்தான் அந்த 120 யூரோவுக்குப் பொருள் உண்டு. ஏன் என்று சொல்கிறேன்.

நான் பாரிஸில் இருக்கிறேன். என் சித்தப்பா மகன் ஷாம்பெய்ன் பகுதியில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை செய்கிறான். இந்த நாட்டுச் சமையலறைகளில் நம்மவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது இங்கே வாழ்பவர்களுக்குத் தெரியும். அவன் மூலமாகத்தான் இப்படிப்பட்ட விருந்துகளுக்குப் போகத் தொடங்கினேன்.

முதலில் கொஞ்சம் பின்னணி. ஷாம்பெய்ன் பகுதியில் ஏறத்தாழ 34,000 ஹெக்டேர் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. அதில் பத்தில் ஒன்பது பங்கு சுமார் 16,000 விவசாயிகளுக்குச் சொந்தம். ஆனால் விற்பனையாகும் பாட்டில்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பெரிய நிறுவனங்களின் பெயரில் போகிறது. நிலம் ஒருவரிடம், பெயர் இன்னொருவரிடம். இந்த உறவு எப்போதும் சுமுகமாக இருந்ததில்லை. 1911இல், விளைச்சல் பொய்த்து விவசாயிகள் கடனில் கிடந்தபோது, சில நிறுவனங்கள் வெளியூர்த் திராட்சையைக் கொண்டுவந்து ஷாம்பெய்ன் என்று விற்றதை எதிர்த்துக் கலவரம் வெடித்தது. அயி என்ற ஊரில் நிறுவனங்களின் கட்டடங்கள் எரிந்தன, இராணுவம் இறங்கியது. 1930களின் பொருளாதார மந்தத்தில் திராட்சைக்கு விலை இல்லாமல் போனபோது, விற்பதை நிறுத்திவிட்டுத் தாங்களே பாட்டிலில் அடைக்கத் தொடங்கிய குடும்பங்கள் பல. பிறகு அவீஸ் கிராமத்து விவசாயி ஆன்செல்ம் செலோஸ் போன்றவர்கள், ஷாம்பெய்னும் ஒரு மண்ணின் ஒயின்தான் என்று செய்து காட்டினார்கள்.

இன்று ஒரு கிலோ திராட்சை 6, 7 யூரோவுக்குப் போகிறது. ஒரு பாட்டிலுக்கு ஏறக்குறைய 1.2 கிலோ வேண்டும். விவசாயி பழத்தை விற்றுவிட்டால் அந்த ஆண்டுக் கவலை அதோடு முடிந்தது. அப்படி விற்காமல், பிழிந்து, நொதிக்கவைத்து, பாட்டிலில் அடைத்து, இரண்டு மூன்று ஆண்டுகள் நிலவறையில் பணத்தை முடக்கிவைப்பவரைத்தான் நீங்கள் சந்திக்கப் போகிறீர்கள். இது சாதாரணத் துணிச்சல் இல்லை.

நான் போன விருந்துகளில் ஒன்று நன்றாக நினைவில் இருக்கிறது. வெர்த்தூ பக்கத்து விவசாயி அவர், சார்தொனே வகைத் திராட்சை மட்டுமே பயிரிடுகிறவர். இளவேனில் தொடக்கம். உட்கார்ந்ததும் நுரைக்கும் கோப்பை வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அவர் ஊற்றியது குமிழி இல்லாத ஒயின், முந்தைய இலையுதிர் காலத்து அறுவடை. வாயில் வைத்ததும் பல் கூசியது. எலுமிச்சைப் புளிப்பு, கூடவே லேசான உப்புச் சுவை. "இதிலிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது. இது மோசமாக இருந்தால் குமிழி வந்து காப்பாற்றாது" என்றார். ஷாம்பெய்னைப் பற்றி நான் கேட்டதில் இதைவிடத் தெளிவான பேச்சு இல்லை.

பிறகு ஒரு வெள்ளைக் கல்லை மேசைமேல் வைத்தார். அவர் தோட்டத்துச் சுண்ணப்பாறை. அதன்மேல் தண்ணீர் சொட்டினார். ஈரம் நிற்கக்கூட இல்லை, உடனே உள்ளே போய்விட்டது. ஒரு கன மீட்டர் சுண்ணப்பாறை 300 முதல் 400 லிட்டர் தண்ணீரைப் பிடித்துவைக்குமாம். 2018 போன்ற வெயில் ஆண்டுகளில் கொடி வாடாமல் நின்றதற்கு அந்தத் தண்ணீர்தான் காரணம் என்றார்.

அடுத்து அவர் செய்ததற்காகவே நான் மறுபடியும் போவேன். தலைகீழாக வைத்துக் கொண்டுவந்த பாட்டில் ஒன்றை எடுத்தார். குமிழி வருவதற்காகப் பாட்டிலுக்குள் இரண்டாம் முறை நொதித்து முடிந்த ஈஸ்ட் கசடு, கழுத்தில், மூடிக்குப் பக்கத்தில் திரண்டு நின்றது. உள்ளே அழுத்தம் 6 பார் அளவுக்கு, அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய ஆறு மடங்கு இருக்கும். ஒரு கையில் பாட்டிலைக் கீழ்நோக்கிப் பிடித்து, மறுகையால் மூடியை நெம்பிக்கொண்டே பாட்டிலை மேலே தூக்கினார். உள்ளே இருக்கும் காற்றுக் குமிழி கழுத்தை எட்டும் கணத்தில் மூடி பறக்க வேண்டும். முந்தினால் ஒயின் வீணாகும், பிந்தினால் கசடு மறுபடி கலந்துவிடும். மூடியோடு கசடும் வாளிக்குள் தெறித்தது, கட்டைவிரல் வாயை அடைத்தது. தோசை மாவு புளித்த வாசம் மேசை முழுக்கப் பரவியது. பெரிய நிலவறைகளில் கழுத்தை உறையவைத்து இயந்திரத்தால் செய்கிற வேலை இது. கையால் செய்து பார்ப்பது வேறு அனுபவம்.

அந்த ஒயினை இரண்டாகப் பிரித்தார். ஒன்றில் சர்க்கரை சேர்க்கவில்லை. மற்றதில் லிட்டருக்கு 5 கிராம் கணக்கில் சர்க்கரைக் கரைசல் விட்டார், அதாவது முழு பாட்டிலுக்கு ஒரு டீஸ்பூன் அளவு. ப்ரூட், அதாவது இனிப்புக் குறைந்த வகை, என்று எழுதிய பாட்டிலில் லிட்டருக்கு 12 கிராம் வரை இருக்கலாம். இரண்டாவது கோப்பை இனிக்கவில்லை. ஆனால் பழத்தின் சுவை முன்னால் வந்தது, புளிப்பின் முனை மழுங்கியது. சர்க்கரையே இல்லாததுதான் உயர்ந்தது என்று இப்போது ஒரு பேச்சு பரவியிருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை. சிப்பிக்கு முதலாவது பொருந்தியது. வெண்ணெய்ச் சாற்றில் வந்த மீனுக்கு இரண்டாவதுதான் சரியாக இருந்தது.

உணவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிரீமும் மொரீல் காளானும் சேர்த்த கோழியோடு 2012 ஒயினைக் கொடுத்தார்கள், அருமை. உறைபனி, ஆலங்கட்டி, பூஞ்சை நோய் எல்லாம் அடித்து விளைச்சல் குறைந்த ஆண்டு அது. மிஞ்சிய பழம் அபாரமாகப் பழுத்தது. அந்தப் பகுதியின் சவுர்ஸ் சீஸும் நன்றாகச் சேர்ந்தது. கடைசி இனிப்புக்கும் அதே வகை ஒயினை ஊற்றியதுதான் பிழை. இனிப்பைத் தின்றபின் குடித்தால் ப்ரூட் வெறும் புளிப்பாகத் தெரியும். பல உணவகங்கள் இதைச் செய்கின்றன. நீங்கள் உங்கள் கோப்பையை இனிப்பு வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். ஒல்லியான உயரக் கிளாஸில் ஊற்றினால், வெள்ளை ஒயின் கிளாஸ் கேளுங்கள். பனிக்கட்டி வாளியிலிருந்து எடுத்த உடனே குடிக்க வேண்டாம், 10 டிகிரியைத் தாண்டியபின்தான் வாசம் வெளியே வரும்.

அவரிடம் 2021 பற்றிக் கேட்டேன். ஏப்ரலில் உறைபனி, கோடையில் ஓயாத மழை, பூஞ்சை. பெரிய நிறுவனம் என்றால் பல கிராமங்களிலிருந்து பழம் வாங்கிச் சமாளிக்கும். சொந்தப் பழத்தில் தயாரிப்பவர் வெளியிலிருந்து வாங்கிச் சேர்க்க அனுமதி 5 சதவீதம்தான். முந்தைய ஆண்டுகளிலிருந்து ஒதுக்கிவைத்த ஒயின்தான் அவரைத் தாங்கியது. இதனால் பெரிய நிறுவனங்களின் ஒயின் மட்டம் என்று சொல்ல வரவில்லை. நூறு தோட்டத்து ஒயினைக் கலந்து, ஆண்டுக்கு ஆண்டு ஒரே சுவையைக் கொண்டுவருவது பெரிய கலை. ஆனால் அந்தக் கலை, ஓர் ஆண்டின் கேட்டை மறைப்பதற்காக இருப்பது. இவருடைய பாட்டிலில் அந்த ஆண்டு மறையாது. சில ஆண்டுகள் சுமாராக இருக்கும், அதையும் ஏற்றுக்கொண்டுதான் வாங்க வேண்டும்.

இன்னொரு கேள்வியையும் தயங்காமல் கேளுங்கள்: பழத்தை யார் பறிக்கிறார்கள்? ஷாம்பெய்னில் கையால் பறிப்பது கட்டாயம். செப்டம்பரில் ஒரு லட்சம் பேர் அளவுக்கு வந்து வேலை செய்கிறார்கள். 2023 அறுவடை வெயிலில் பறிப்பவர்கள் சிலர் உயிரிழந்தார்கள். அதே ஆண்டு மேற்கு ஆப்பிரிக்கத் தொழிலாளர்களை மனிதர்கள் வாழத் தகாத இடத்தில் அடைத்துவைத்த வழக்கில், 2025இல் அந்தப் பகுதியின் ஷாலோன் நகர நீதிமன்றம் தண்டனை விதித்தது. நம்மவர்களும் ஒரு காலத்தில் தங்கும் அனுமதித் தாள் இல்லாமல் இங்கே வந்து, கேட்ட வேலையைச் செய்தவர்கள். எனக்கு இது சுவையைவிடப் பெரிய விஷயம். அந்த விவசாயி முகம் சுளிக்கவில்லை. யார் வருகிறார்கள், எங்கே தங்குகிறார்கள், மதியச் சாப்பாடு யார் சமைக்கிறார்கள் என்று விவரமாகச் சொன்னார். இந்தக் கேள்விக்கு மழுப்புகிறவரின் ஒயினை நான் வாங்குவதில்லை.

கடையில் வாங்கும்போது லேபிளின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் குறியைப் பாருங்கள். ஆர்.எம். என்றால் விவசாயியே தயாரித்தது. என்.எம். என்றால் பழம் வாங்கித் தயாரிக்கும் நிறுவனம். சி.எம். கூட்டுறவுச் சங்கம். ஆர்.சி. என்றால், விவசாயி பழத்தைச் சங்கத்துக்குக் கொடுத்து, அங்கே தயாரான ஒயினைத் தன் பெயரில் விற்கிறார். விருந்து ஆர்.சி. விவசாயியுடையது என்றால் 120 யூரோவுக்கு யோசிப்பேன், நிலவறை வேலையைப் பற்றி அவரால் அதிகம் சொல்ல முடியாது.

எப்பெர்னேக்குக் கார் ஓட்டிப் போகாதீர்கள். ஆறேழு கோப்பை ஊற்றுவார்கள். பாரிஸ் கார் தெ லெஸ்ட் நிலையத்திலிருந்து ரயில் இருக்கிறது, ஆனால் விருந்து நீண்டுவிடும், இரவுத் திரும்பு ரயிலை நம்பாமல் அறை எடுத்துத் தங்குங்கள். மறுநாள் காலை அவர் வீட்டுக்கே போய் இரண்டு பாட்டில் வாங்கலாம். செப்டம்பரில் மட்டும் போக வேண்டாம், அறுவடை நேரத்தில் அவருக்குப் பேச நேரம் இருக்காது.