முன்னால் கிளம்பும் பஸ்

வணக்கம் சார்,

இரண்டு போயிங் விமானங்கள் விழுந்து நொறுங்கிய வழக்கைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். செத்தவர் குடும்பத்துக்கு நஷ்ட ஈடு கொடுக்க வேண்டியதுதான். அதற்கு மேல் ‘தண்டனை நஷ்ட ஈடு’ என்று கோடிக்கணக்கில் கேட்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. ஏர்பஸ் என்று ஒரு போட்டிக் கம்பெனி இருக்கிறதே, மோசமான விமானம் செய்தால் வியாபாரம் அந்தப் பக்கம் போய்விடாதா? அதைவிடத் தண்டனை என்ன வேண்டும்? துலூஸில் இருக்கும் என் தாய்மாமா, “பிரான்ஸில் இந்தப் பேச்சே கிடையாது, எல்லாம் அமெரிக்காக்காரன் பேராசை” என்கிறார். நம் நாட்டில் உண்டா? போன மாதம் எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி வெடித்தது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று இருக்கிறேன், அதனால்தான் கேட்கிறேன்.

க., திருப்பாதிரிப்புலியூர்

அன்புள்ள க.,

பேட்டரி வெடித்ததில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே? அதை நீங்கள் எழுதவில்லை.

புதுச்சேரிக்குத் தனியார் பஸ்ஸில் வந்திருப்பீர்கள். கடலூர் பஸ் நிலையத்தில் இரண்டு நிமிடத்துக்காக டைம் கீப்பரோடு சண்டை நடக்கும். ரெட்டிச்சாவடி வரை டிரைவர் ஆள் பிடித்துக்கொண்டு உருட்டுவார். பின்னால் வரும் பஸ் கண்ணாடியில் தெரிந்ததும் எடுப்பார் பாருங்கள் ஓட்டம்! கன்னியக்கோயிலில் ஒரு பாட்டிக்கு ஒரு கால் படியில், ஒரு கால் தரையில், இடுப்பில் கீரைக் கூடை. அதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்தாயிற்று. நாமும் பிரேக்கைப் பார்த்தா ஏறுகிறோம்? எது முன்னால் கிளம்பும் என்று பார்த்துத்தான். போட்டி இருக்கத்தான் செய்கிறது. எதில் போட்டி என்று பாருங்கள்.

விமானத்தில் நடந்ததும் இதுதான். எரிபொருள் குறைவாகக் குடிக்கும் ஏ320 நியோவை 2010 டிசம்பரில் ஏர்பஸ் அறிவித்தது. 2011 ஜூலையில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 460 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தபோது அதில் 260 ஏர்பஸ்ஸுக்குப் போயிற்று. அதற்குப் பிறகு புது விமானம் வரைய போயிங்குக்குப் பொறுமை இல்லை. 1960களில் வந்த 737இன் உடம்பிலேயே பெரிய இன்ஜினை மாட்டியது. இறக்கைக்கு அடியில் இடம் போதாமல் இன்ஜின் முன்னாலும் மேலேயும் தள்ளிப்போக, சில சமயம் மூக்கு தூக்கும் குணம் வந்தது. அதை அடக்க எம்சிஏஎஸ் என்று ஒரு மென்பொருள். ஒரே ஒரு சென்சார் சொல்வதைக் கேட்டு அது மூக்கைக் கீழே அழுத்தும். அது எப்படி வேலை செய்கிறது என்று விமானிகளின் கையேட்டில் சொல்லவில்லை. சொன்னால் பயிற்சி கேட்பார்கள், பயிற்சி என்றால் வாங்குகிறவருக்குச் செலவு. சிமுலேட்டர் பயிற்சி தேவைப்பட்டால் விமானம் ஒன்றுக்கு 10 லட்சம் டாலர் குறைத்துக்கொள்வதாக சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸுக்கு போயிங் வாக்குக் கொடுத்திருந்தது. 2018 அக்டோபரில் இந்தோனேசியாவில் ஒரு விமானம் விழுந்தது, 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவில் இன்னொன்று. இரண்டிலும் சேர்த்து 346 உயிர்.

இதெல்லாம் போட்டி இல்லாமல் நடந்ததா என்ன? விமானத்தை வாங்குவது ஏர்லைன்ஸ், அதில் உட்கார்வது நாம். பெரிய விமானம் விற்பதற்கு உலகத்தில் முக்கியமாக இரண்டே கடை. கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனால் அங்கே பல வருடத்துக்கு வரிசை நிற்கிறது. நஷ்ட ஈடு மட்டும்தான் என்றால் அது டீசல் மாதிரி இன்னொரு செலவு, முன்கூட்டியே கணக்கில் எழுதிவிடலாம். எவ்வளவு என்று எழுத முடியாத தொகைக்குத்தான் கம்பெனி பயப்படும். எத்தியோப்பிய விமான வழக்கில் அந்தப் பயத்துக்கு ஒரு விலையே கிடைத்தது. 2021 நவம்பரில் சிகாகோ நீதிமன்றத்தில் போயிங் முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டது. பதிலுக்குப் பெரும்பாலான குடும்பங்கள் தண்டனை நஷ்ட ஈட்டை விட்டுக்கொடுத்தன. பொறுப்பை ஏற்றாயிற்று என்றால், உள்ளே யாருக்கு என்ன தெரிந்திருந்தது என்று ஜூரி முன்னால் கிளறும் வேலை பெரும்பாலும் போய்விடும். எனக்கு அந்தப் பேரம் கசக்கிறது. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் கோர்ட் படி ஏறுகிறவர்களிடம் அதைச் சொல்ல நான் யார்?

உங்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. அமெரிக்காவில் சிறு விமானங்கள் 1978இல் 17,811 விற்றன, 1994இல் வெறும் 928. வழக்குகள்தான் கழுத்தை நெரிக்கின்றன என்று கம்பெனிகள் அழுதன. 18 வருடம் தாண்டிய சிறு விமானத்துக்காகத் தயாரிப்பாளர்மேல் வழக்குப் போட முடியாதபடி அந்த வருடமே சட்டம் வந்தது. வழக்கு மட்டுமே காரணம் என்பதை நான் நம்பவில்லை. துளியும் காரணமில்லை என்றும் சொல்ல மாட்டேன்.

மாமா சொல்வது கிட்டத்தட்ட சரி. பட்ட நஷ்டத்துக்கு ஒரு காசு குறையாமல், ஒரு காசு கூடாமல் என்பது பிரெஞ்சுக் கணக்கு. ஆனால் 2010இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றத்துக்கே ஒரு வழக்கு வந்தது. பிரெஞ்சுக் கம்பெனி ஒன்று, புயலில் அடிபட்ட படகை அதை மறைத்து ஓர் அமெரிக்கத் தம்பதிக்கு விற்றுவிட்டது. படகு கேட்டமரான் வகை, நம் கட்டுமரம் கொடுத்த பெயர்! கலிபோர்னியா நீதிமன்றம் நஷ்ட ஈட்டோடு 14.6 லட்சம் டாலர் தண்டனையும் போட்டது. தண்டனை நஷ்ட ஈடு என்பதே எங்கள் சட்டத்துக்கு விரோதமில்லை, ஆனால் இந்தத் தொகை மிதமிஞ்சியது என்று சொல்லி, பிரெஞ்சு உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை பிரான்ஸில் செல்லவிடவில்லை. மாமாவிடம் சொல்லிப் பாருங்கள்.

நம் நாட்டில் உண்டு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், மாவட்ட ஆணையத்துக்கே அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. ஆனால் கேட்டால்தான். ஒரு கார் கம்பெனிக்குத் தேசிய ஆணையம் 25 லட்ச ரூபாய் தண்டனை போட்டதை 2014இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. புகார் கொடுத்தவர் அதை மனுவில் கேட்கவே இல்லை, பதில் சொல்லக் கம்பெனிக்கு வாய்ப்பும் தரவில்லை என்பது காரணம். ஆகவே நீங்கள் தனிப் பத்தியாக, தொகையும் காரணமும் போட்டு எழுதுங்கள். வாரன்டி அட்டை, பில், வெடித்த அன்று எடுத்த போட்டோ எல்லாம் சேர்த்து வையுங்கள். முக்கியமாக, அந்தப் பேட்டரியை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.