மகன் கேட்கும் விளையாட்டும் அம்மாவின் வேலைக் கணினியும்

கேள்வி: நான் வீட்டிலிருந்தபடி சில சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதித் தருகிறேன். வாடிக்கையாளர்களின் வங்கி விவரங்கள், வரி ஆவணங்கள் எல்லாம் என் மேசைக் கணினியில்தான் இருக்கின்றன. வீட்டில் இருப்பது அந்த ஒரே கணினி. பதினைந்து வயது மகன் அதில் வாலரன்ட் விளையாட ஆசைப்படுகிறான். அதனுடன் வேன்கார்ட் என்ற ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளும் வருமாம், கணினியைப் போட்டவுடனேயே அது ஓடத் தொடங்குமாம். அது எங்களை வேவு பார்க்குமா? அவனுக்கென்று தனியாக ஒரு பயனர் கணக்கு திறந்து கொடுத்தால் போதாதா? செக்யூர் பூட் என்ற ஏதோ ஒன்றை இயக்கச் சொல்கிறதே, அதைச் செய்யலாமா?

பதில்: அவன் விளையாடட்டும். ஆனால் உங்கள் வாடிக்கையாளர்களின் ஆவணங்கள் இருக்கும் விண்டோஸில் வேண்டாம். அதை உருவாக்கிய ரயட் நிறுவனத்தின்மீது எனக்குச் சந்தேகம் இருப்பதால் இப்படிச் சொல்லவில்லை. அது உங்கள் ரகசியம் மட்டும் அல்ல, உங்களை நம்பிக் கொடுத்தவர்களின் ரகசியம் என்பதால் சொல்கிறேன்.

வேவு பற்றிய அச்சத்தை முதலில் சரியான இடத்தில் வைப்போம். நீங்கள் நிறுவும் எந்தச் சாதாரண நிரலும் உங்கள் பயனர் கணக்கில் ஓடும்போது, நீங்கள் திறக்கக்கூடிய கோப்புகள் எல்லாவற்றையும் அதனாலும் திறக்க முடியும். படம் திருத்தும் மென்பொருளும், எங்கோ பதிவிறக்கிய கால்குலேட்டரும் இந்த விதிக்கு உட்பட்டவைதான். உங்கள் ஆவணக் கோப்புறையைப் படிக்க யாருக்கும், வேன்கார்ட் ஓடும் உட்பகுதியான கெர்னல் வரை போகவேண்டிய தேவையே இல்லை. ஆகவே 'கெர்னலில் ஓடுகிறது, அதனால் வேவு பார்க்கும்' என்று பரவலாகச் சொல்லப்படும் வாதம் பாதிதான் உண்மை. வேன்கார்ட் யாருடைய கோப்புகளையும் திருடியதாக நிரூபிக்கப்பட்டதும் இல்லை.

அப்படியென்றால் கெர்னலில் ஓடுவதால் என்ன வேறுபாடு? கெர்னல் என்பது இயங்குதளத்தின் உட்கரு. நினைவகம், வட்டு, விசைப்பலகை எல்லாம் அதன் கையில் இருக்கின்றன. வெளியே ஓடும் நிரல் தவறு செய்தால் அந்த நிரல் மட்டும் நின்றுபோகும். உள்ளே ஓடும் நிரலான டிரைவர் தவறு செய்தால் கணினியே நின்றுபோகும். 2024 ஜூலை 19 அன்று நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு கோப்பை அதன் கெர்னல் டிரைவர் படித்தது. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் முடங்கின, விமானங்கள் நின்றன. அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஒரு பிழை இருந்தது, அது இருந்த இடம் கெர்னல். அவ்வளவுதான்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதிலும் இதிலேயே அடங்கியிருக்கிறது. தனிப் பயனர் கணக்கு என்பது கெர்னல் கட்டிக்கொடுக்கும் சுவர். மகனின் கணக்கில் ஓடும் சாதாரண நிரலுக்கு அந்தச் சுவர் தடைதான். ஆனால் கெர்னலுக்குள்ளேயே ஓடும் டிரைவருக்கு அது சுவரே அல்ல. கணினியில் யார் நுழைந்திருந்தாலும் அந்த டிரைவர் எல்லாருக்கும் பொதுவாக ஏறி நிற்கும். நீங்கள் கணக்கு எழுதும் நேரத்திலும் அது அங்கேயே இருக்கும். பல பெற்றோர் தனிக் கணக்கு திறந்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். மற்ற காரியங்களுக்கு அது நல்ல பழக்கம். இந்தக் காரியத்துக்கு மட்டும் உதவாது.

விளையாட்டுக்கு எதற்கு இவ்வளவு அதிகாரம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சுவருக்கு அப்பால் நிற்கும் எதிரியைக் காட்டும் ஏமாற்று மென்பொருள்கள், துப்பாக்கியின் குறியைத் தானாகவே எதிரியின் தலைமேல் கொண்டுபோய் நிறுத்தும் ஏமாற்று மென்பொருள்கள் காசுக்கு விற்கப்படுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை விளையாட்டின் நினைவகத்தைப் படித்தே வேலை செய்கின்றன. 'என் நினைவகத்தை யார் தொடுகிறார்கள்?' என்று விளையாட்டு விண்டோஸைக் கேட்கிறது. ஏமாற்று மென்பொருள் கெர்னலுக்குள் போய்விட்டால் அந்தக் கேள்விக்கு வரும் பதிலையே மாற்றிவிடுகிறது. எனவே காவலரும் கெர்னலுக்குள் போக வேண்டியதாயிற்று. யார் முதலில் உள்ளே போகிறாரோ அவருக்குத்தான் பின்னால் வருபவர் தெரிவார் என்பதால், வேன்கார்ட் விண்டோஸ் விழிக்கும்போதே ஏறிக்கொள்கிறது. 2020இல் வாலரன்ட் சோதனை நிலையில் இருந்தபோதே இதற்குப் பெரிய எதிர்ப்பு எழுந்தது. அதை நிறுத்தி வைக்கும் வசதியை நிறுவனம் அப்போது சேர்த்தது. அதில் ஓட்டை கண்டுபிடிப்பவர்களுக்கு 1,00,000 டாலர் வரை பரிசும் அறிவித்தது. நேர்மையாக விளையாடும் உங்கள் மகன் போன்றவர்களுக்கு இந்தக் காவல் நன்மையே செய்கிறது. அவன் அதைக் கேட்பதில் தவறு ஏதும் இல்லை.

என் கவலை வேறு. இந்த நிறுவனம் என்ன செய்யும் என்பதைவிட, இப்படிப்பட்ட டிரைவரில் ஓட்டை இருந்தால் மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்பதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. 2016 செப்டம்பரில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 விளையாட்டுக்கு வந்த ஒரு புதுப்பிப்பு, கணினியில் ஒரு டிரைவரைப் போட்டது. எந்த நிரல் வேண்டுமானாலும் அதன் வழியாகக் கெர்னலில் தன் கட்டளைகளை ஓட்ட முடியும் என்பது உடனே தெரியவந்தது. விளையாட்டைத் தயாரித்த கேப்காம் நிறுவனம் அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 2022இல் நடந்தது இன்னும் மோசம். கென்ஷின் இம்பாக்ட் விளையாட்டின் ஏமாற்றுத் தடுப்பு டிரைவரைப் பயன்படுத்தி, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் பணயத் தாக்குதல் நடத்தும் கும்பல் ஒன்று வைரஸ் தடுப்பு மென்பொருளை நிறுத்திவிட்டதாக டிரெண்ட் மைக்ரோ என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அந்த ஆண்டு ஆகஸ்ட்டில் வெளியிட்டார்கள். இதில் கவனிக்க வேண்டியது, தாக்கப்பட்ட கணினியில் அந்த விளையாட்டே இருக்கவேண்டியதில்லை என்பது. நம்பத்தக்கது என்று விண்டோஸுக்குக் காட்டும் முறையான டிஜிட்டல் கையொப்பம் கொண்ட அந்த டிரைவரை, தாக்கியவர்கள் தாங்களே கொண்டுவந்து போட்டார்கள்.

நீங்கள் விளையாட்டே வைத்துக்கொள்ளாவிட்டாலும் இந்த ஆபத்து உங்களுக்கு உண்டு என்பது இதன் பொருள். ஆகவே மகன் விளையாடினாலும் விளையாடாவிட்டாலும் ஒன்றைச் சரிபாருங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் 'டிவைஸ் செக்யூரிட்டி' பகுதிக்குள் 'கோர் ஐசொலேஷன்' இருக்கும். அங்கே 'மெமரி இன்டெக்ரிட்டி', 'மைக்ரோசாஃப்ட் வல்னரபிள் டிரைவர் பிளாக்லிஸ்ட்' என்ற இரண்டும் இயக்கத்தில் இருக்க வேண்டும். ஓட்டை உள்ளதாகத் தெரிந்த டிரைவர்களை உள்ளே விடாமல் தடுப்பது இரண்டாவது. விளையாட்டின் வேகம் கூடும் என்று சொல்லி இவற்றை அணைக்கச் சொல்லும் யோசனைகள் நிறையக் காணக் கிடைக்கும். வேலைக் கணினியில் தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம்.

இனி, எங்கே விளையாடலாம் என்பதற்கு வருவோம். என் முதல் தேர்வு, தொலைக்காட்சியில் இணைத்து விளையாடும் பெட்டியான கன்சோல்தான். வாலரன்ட் 2024இலிருந்து பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் மற்றும் எஸ் ஆகியவற்றிலும் வருகிறது. உங்கள் வேலை அந்தப் பெட்டிக்குள் இல்லை என்பதால், அங்கே எது நடந்தாலும் உங்கள் வாடிக்கையாளரைத் தொடாது. பயன்படுத்திய பழைய கணினி ஒன்று கிடைத்து, அது இந்த விளையாட்டைத் தாங்கும் என்றால் அதுவும் சரி. அதில் உங்கள் மின்னஞ்சலையோ வங்கிக் கணக்கையோ ஒருமுறைகூடத் திறக்காதீர்கள், அது போதும்.

அதற்கெல்லாம் இப்போது வழியில்லை என்றால் இன்னொரு முறை உண்டு. தனியாக ஓர் எஸ்எஸ்டி (சேமிப்பு வட்டு) வாங்கி அதில் இரண்டாவது விண்டோஸை நிறுவி, விளையாட்டை அங்கே மட்டும் வையுங்கள். உங்கள் வேலை இருக்கும் வட்டு முழுவதும் பிட்லாக்கர் போன்ற குறியாக்கத்தால் பூட்டப்பட்டிருக்க வேண்டும். இது கட்டாயம். பூட்டாத வட்டை விளையாட்டு விண்டோஸ் அப்படியே திறந்து படிக்கும். பிரித்து வைத்ததன் பயனே போய்விடும். பூட்டிய பிறகு, விளையாட்டு விண்டோஸில் இருக்கும்போது அந்த வட்டுக்கான திறவுகோலைக் கேட்டால் கொடுக்காதீர்கள். இதுவும் முழுக் கவசம் அல்ல. இரண்டு விண்டோஸும் ஒரே மதர்போர்டைப் பகிர்கின்றன. கெர்னல் அதிகாரம் கிடைத்த திறமையான எதிரி அதற்கும் கீழே இறங்க முடியும். ஆனால் ஒரே விண்டோஸில் எல்லாவற்றையும் வைத்திருப்பதோடு ஒப்பிட்டால் இது வெகு தூரம் மேல். மெய்நிகர் கணினிக்குள், அதாவது கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினிக்குள், விளையாட்டை அடைத்துவிடலாமே என்று யாராவது சொன்னால் நேரத்தை வீணாக்காதீர்கள். இத்தகைய தடுப்பு மென்பொருள்கள் பெரும்பாலும் அங்கே ஓட மறுத்துவிடும்.

செக்யூர் பூட் பற்றிய கேள்வி நல்லது. விண்டோஸ் 11இல் வாலரன்ட், செக்யூர் பூட்டையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும் கேட்கிறது. கையொப்பமில்லாத எதுவும் விண்டோஸுக்கு முன்னால் ஏறிவிடாமல் செக்யூர் பூட் தடுக்கிறது. விளையாட்டுக்காக இல்லாவிட்டாலும் அது இயக்கத்தில் இருக்கவேண்டியதே. ஆனால் அதை இயக்க, விண்டோஸுக்கு முன்பே ஓடும் அமைப்புத் திரையான பயாஸில் கைவைக்கும் முன் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். வட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால், பயாஸ் அமைப்பு மாறியதும் விண்டோஸ் உங்களிடம் 48 இலக்க மீட்புத் திறவுகோலைக் கேட்கலாம். அது கையில் இல்லாமல் தொடங்கினால் ஆவணங்கள் எல்லாம் கண்ணெதிரே பூட்டிக்கிடக்கும். முதலிலேயே அதைத் தாளில் எழுதி வேறிடத்தில் வையுங்கள். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டாவது, பழைய கணினிகளில் விண்டோஸ் 'லெகசி' முறையில் நிறுவப்பட்டிருக்கும். சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திரையில் 'பயாஸ் மோட்' என்ற வரியில் லெகசி என்று இருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, முழுக் காப்புப்பிரதி எடுத்தபின் விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். அந்த நிலையில் அமைப்பை மாற்றினால் விண்டோஸ் தொடங்காமலே போகலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தக் கடிதத்திலேயே பெரிய ஆபத்து அங்கேதான் இருக்கிறது. தோல்வி தொடர்ந்து வந்தால் பதினைந்து வயதுப் பிள்ளைகள் ஏமாற்று மென்பொருளைத் தேடுவார்கள். அல்லது துப்பாக்கிக்கு இலவச அலங்காரம் தருவதாகச் சொல்லும் நிரலைத் தேடுவார்கள். அப்படிக் கிடைக்கும் கோப்புகளில் பல, உலாவியில் சேமித்த கடவுச்சொற்களையும், நீங்கள் ஏற்கெனவே உள்நுழைந்திருப்பதை நினைவில் வைக்கும் குக்கிகளையும் திருடும் நிரல்கள். குக்கி போனால் கடவுச்சொல் இல்லாமலே உங்கள் மின்னஞ்சலுக்குள் நுழையலாம். இரட்டைச் சரிபார்ப்பும் பல நேரங்களில் தடுக்காது. அவற்றை அடையாளம் காண எளிய வழி ஒன்று உண்டு: நிறுவும் முன் வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்லும். அப்படிச் சொல்லும் எதுவும் இந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்று மகனிடம் காரணத்தோடு பேசுங்கள். திட்டுவதற்காகப் பேசவேண்டாம். தவறுதலாக ஒன்றை ஓட்டிவிட்டால் பயப்படாமல் அன்றே உங்களிடம் வந்து சொல்லும் நிலையில் அவன் இருக்க வேண்டும். அன்றே தெரிந்தால் வேறொரு சாதனத்திலிருந்து கடவுச்சொற்களை மாற்றி, உள்நுழைந்திருக்கும் எல்லாச் சாதனங்களிலிருந்தும் கணக்குகளை வெளியேற்றிவிடலாம்.

வேறு விளையாட்டுகளையும் அவன் கேட்பான். ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் விற்கப்படும் விளையாட்டு கெர்னல் நிலையில் தடுப்பு மென்பொருள் வைத்திருந்தால் அதை விற்பனைப் பக்கத்திலேயே அறிவிக்க வேண்டும் என்று 2024 அக்டோபரில் விதி வந்தது. வாங்கும் முன் அந்த வரியைப் பார்க்கும் வேலையை அவனிடமே கொடுங்கள்.

ஒருவேளை அவன் ஏற்கெனவே உங்கள் கணினியில் நிறுவிப் பார்த்திருந்தால், விளையாட்டை மட்டும் நீக்கியதோடு விட்டுவிடாதீர்கள். நிறுவிய செயலிகளின் பட்டியலில் ரயட் வேன்கார்ட் என்று தனிப் பெயரில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதையும் தனியாக நீக்கிவிட்டு, கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள்.