ஆற்றுமீனில் நுண்பிளாஸ்டிக்: எங்கே தங்குகிறது, எப்படி வெட்டி நீக்குவது?

கேள்வி: வாரம் இருமுறை ஆற்றுமீன் சமைக்கிறோம். சென்ற முறை குடலை எடுத்தபோது நீல நூல் போல ஒன்று கிடந்தது. அது பிளாஸ்டிக்தானா? நன்றாகக் கழுவிக் கொதிக்கவைத்தால் போய்விடுமா? சின்ன மீன்களை முழுசாகச் சாப்பிடலாமா, இல்லை ஆற்றுமீனையே நிறுத்திவிட வேண்டுமா?

பதில்: நிறுத்த வேண்டாம். மீனை வெட்டும் முறையில் கவனம் வைத்தால் பெரும்பகுதியை வெளியேற்றிவிடலாம். கழுவுவதாலும் கொதிக்கவைப்பதாலும் மட்டும் அது நடக்காது.

முதலில் அந்த நீல நூல். குடலில் காணும் நூலெல்லாம் பிளாஸ்டிக் அல்ல. உருளைப்புழுவாக இருந்தால் முனைகள் கூர்ந்திருக்கும், சுருண்டு கிடக்கும், பெரும்பாலும் வெண்மையாகவோ செந்நிறமாகவோ இருக்கும். பாசி நார் இழுத்தால் அறுந்துவிடும். செயற்கை இழை முதலிலிருந்து கடைசி வரை ஒரே தடிமனாக இருக்கும். நீலம், சிவப்பு, கறுப்பு எனச் சாயம் ஏறியிருக்கும். சந்தேகமிருந்தால் இழையைத் தனியே எடுத்து உலரவிட்டு, பழுக்கக் காய்ச்சிய ஊசியை அருகே கொண்டுபோங்கள். பாலியஸ்டரும் நைலானும் சுருண்டு உருகும். பருத்தி உருகாது, கருகும். இன்னொன்று: நீங்கள் உடுத்திய துணியிலிருந்தே அந்த நூல் விழுந்திருக்கலாம். அடுத்த முறை மீன் வெட்டும்போது பக்கத்தில் ஈரமான வெள்ளைத் தட்டு ஒன்றை வையுங்கள். வேலை முடிந்ததும் அதிலும் அதே நிற நூல் கிடந்தால் மீன்மேல் பழி போட வேண்டாம். ஆய்வகங்களிலும் இதே போன்ற சரிபார்ப்பு இல்லாத கணக்கை நம்புவதில்லை.

5 மில்லிமீட்டருக்குக் குறைவான துணுக்குகளை நுண்பிளாஸ்டிக் என்கிறோம். ஆற்றில் அது எங்கே இருக்கும் என்பதை எடைதான் தீர்மானிக்கிறது. பாலியஸ்டரின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.38 கிராம், தண்ணீரைவிடக் கனம் என்பதால் சேற்றில் படியும். பை, மூடி போன்றவற்றின் பாலித்தீனும் பாலிப்ரொப்பிலீனும் மிதக்கும். ஆனால் மேலே பாசியும் நுண்ணுயிரும் படர்ந்தால் அவையும் மெல்ல அடியில் இறங்கும். ஆகவே சேற்றைக் கிளறி மேயும் மீனின் வயிற்றிலும் இது சேர்கிறது. சாக்கடை ஆற்றில் கலக்கும் வாய்க்கு அருகே பிடித்த மீனைத் தவிர்ப்பது நல்லது.

மீன் விழுங்கியதில் பெரும்பகுதி இரைப்பையிலும் குடலிலும் இருக்கும், கொஞ்சம் செவுளில் சிக்கியிருக்கும். சதைக்குள் போவது மிக நுண்ணிய துகள்கள்தான், அளவும் குறைவு. இதனால்தான் வெட்டும் முறை முக்கியம் என்கிறோம்.

மீன் கைக்கு வந்ததும் ஐஸில் வைத்து, கூடிய சீக்கிரம் குடலை எடுத்துவிடுங்கள். இரை நிறைந்த வயிற்றோடு மீனைப் போட்டுவைத்தால் அதன் செரிமான நொதிகளே குடல் சுவரை அரித்துவிடும். வயிறு வெடித்து உள்ளே இருப்பது சதையில் கலக்கும். வெட்டுமுன் ஓடும் தண்ணீரில் வெளிப்புற வழவழப்பைத் தேய்த்துக் கழுவுங்கள், அதில் இழைகள் ஒட்டியிருக்கும். செதிலை உரித்துச் செவுளை முழுதாகப் பிடுங்கிவிடுங்கள். பிறகு ஆசனவாயிலிருந்து தலைப்பக்கமாக, கத்தியின் கூர் மேல்நோக்கி இருக்கும்படி, தோலை மட்டும் கிழியுங்கள். நுனி ஆழமாக இறங்கினால் குடல் கிழியும், பித்தப்பையும் உடையும். பெரும்பாலான சமையலறைகளில் தவறு நேர்வது இந்த இடத்தில்தான். நுனி மழுங்கிய கத்தரிக்கோல் இன்னும் பாதுகாப்பு. தொண்டைப் பக்கம் அறுத்துவிட்டுக் குடலை ஒரே கொத்தாக உருவுங்கள். உள்ளே தெரியும் கருஞ்சவ்வு பிளாஸ்டிக் அழுக்கு அல்ல, மீனின் இயல்பான நிறமி. கசப்பு வேண்டாமென்றால் சுரண்டிவிடலாம். கடைசியாக ஓடும் தண்ணீரில் வயிற்றுக்குழியைக் கழுவுங்கள். குடலும் சதையும் ஒரே பாத்திரத்தில் ஊறினால் இவ்வளவு செய்ததும் வீண். உப்பும் எலுமிச்சையும் வினிகரும் வாடையைப் போக்கும், பிளாஸ்டிக்கைக் கரைக்காது.

வெட்டும் பலகை பிளாஸ்டிக்காக இருந்தால் ஒவ்வொரு வெட்டிலும் அதன் துகள் மீனில் சேரும். கீறல் விழுந்த பலகையை உடனே மாற்றுங்கள், மரப்பலகை போதும்.

சின்ன மீன்களைக் குடலோடு தின்றால் அதிலுள்ளதையும் தின்கிறோம். தலையைக் கிள்ளி மெதுவாக இழுத்தால் குடலும் கூடவே வந்துவிடும். பழகிவிட்டால் ஒரு மீனுக்குச் சில நொடிதான். கருவாடு தனிக் கதை. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், சோதித்த 4 வகை உலர்மீன்களில் 2 வகைகளில் உள்ளுறுப்புகளைவிடக் குடல் நீக்கிய உடலில்தான் அதிகத் துகள் இருந்தது. திறந்தவெளியிலும் நைலான் வலையிலும் உலர்த்தினால் காற்றுத் தூசியும் வலை நூலும் ஒட்ட இடமுண்டு. எனவே சமைக்குமுன் இருமுறை தண்ணீர் மாற்றி அலசுங்கள்.

இனிக் கொதிக்கவைப்பது. பாலித்தீன் உருகத் தொடங்கவே 100 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டும். பாலியஸ்டருக்கு 250 டிகிரிக்கு மேல். குழம்புச் சூடு எதையும் செய்யாது. பொரிக்கும் எண்ணெயில் பாலித்தீன் இளகலாம், மறைந்துவிடாது.

பயத்துக்கு அளவு வேண்டும். 150 மைக்ரானுக்கு (0.15 மில்லிமீட்டருக்கு) மேற்பட்ட துகள்கள் மனிதக் குடல் சுவரைக் கடப்பதில்லை. பெரும்பாலும் மலத்தோடு போய்விடும் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2016-ஆம் ஆண்டு மதிப்பீடு. முழுதாகத் தின்னப்படும் சிப்பி 225 கிராமில் இருக்கக்கூடியது சுமார் 7 மைக்ரோகிராம் பிளாஸ்டிக் என்றும் அது கணக்கிட்டது. 2018-இல் பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வின்படி சிப்பி வழியாக ஒருவர் ஆண்டுக்குச் சுமார் 123 துகள்களைத் தின்கிறார். சாப்பிடும் நேரத்தில் தட்டில் விழும் வீட்டுத் தூசி வழியாகவோ குறைந்தது 13,000-க்கு மேல். சமைத்ததை மூடிவைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று பாருங்கள்.

ஆற்றுக்கு இந்த இழை போவது பெருமளவு நம் துணி துவைக்கும் தண்ணீரில்தான். 6 கிலோ அக்ரிலிக் துணியை ஒருமுறை மெஷினில் போட்டால் 7 லட்சத்துக்கு மேல் இழைகள் உதிரக்கூடும் என 2016-இல் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. சுத்திகரிப்பு நிலையம் பெரும்பகுதியைப் பிடித்தாலும் அது கசடில் தங்குகிறது. கசடு வயலுக்கு எருவாகப் போனால் மழை மறுபடியும் ஆற்றுக்கே கொண்டுவரும். செயற்கைத் துணியைக் குறைந்த தடவை, குளிர்ந்த நீரில், மெஷினை நிரப்பித் துவையுங்கள். வடிகட்டியில் சேரும் பஞ்சைக் குழாயடியில் அலசாமல் கையால் வழித்துக் குப்பையில் போடுங்கள். மீன் குடலையும் அப்படியே: ஆற்றில் வீசினால் அந்த இழை அடுத்த மீனின் வயிற்றுக்குப் போகும்.