சிகரெட் மறதியைத் தடுக்குமா?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. நாற்பது வருடமாக சிகரெட் பிடிக்கிறார். 'புகைப்பவர்களுக்கு மறதி நோய் வராது, நிகோடின் மூளைக்கு நல்லது' என்று எங்கோ படித்துவிட்டு வாதாடுகிறார். 'இந்த வயசுல விட்டு என்ன ஆகப்போகுது?' என்கிறார். என்ன சொல்வது? – ஒரு வாசகி

பதில்: அப்பா இட்டுக்கட்டவில்லை. 1980, 90களில் அப்படிச் சில ஆய்வுகள் வந்தன. அல்சைமர் என்கிற மறதி நோய் வந்த முதியவர்களை எடுத்துக்கொண்டு, இவர்களில் எத்தனை பேர் புகைத்தவர்கள் என்று எண்ணினார்கள். குறைவாகத்தான் இருந்தார்கள். புகைத்தவர்களில் பலர் அந்த வயதைத் தொடுவதற்கு முன்பே மாரடைப்பிலும் புற்றுநோயிலும் போய்ச் சேர்ந்திருந்தார்களே! இறந்தவர்களை விட்டுவிட்டுப் போட்ட கணக்கு அது.

இன்னொன்றும் உண்டு, எனக்கு ஆத்திரம் வருவது இதில்தான். இப்படிப்பட்ட 43 ஆய்வுகளை 2010இல் அலசியபோது, 11 ஆய்வுகளில் புகையிலைத் தொழிலோடு தொடர்புள்ளவர்கள் இருந்தது தெரிந்தது. அந்தத் தொடர்பையும் ஆய்வு முறையின் கோளாறுகளையும் கணக்கில் எடுத்ததும், புகைப்பவர்களுக்கு அல்சைமர் ஆபத்து சுமார் 1.7 மடங்கு என்று வந்தது. புகை ரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது. மூளையும் ரத்தத்தை நம்பித்தான் இருக்கிறது.

என் பெரியப்பாவுக்கு மறதி நோய் முற்றியிருந்த காலம். சாம்பல் கிண்ணத்தில் ஒரு சிகரெட் புகைந்துகொண்டிருக்கும். பிடித்தது நினைவில்லாமல் அடுத்ததைப் பற்றவைப்பார். அவர் சட்டைகளின் மார்புப் பக்கம் முழுக்கப் பொட்டுப் பொட்டாகத் தீக்காயம். பெரியம்மா இரவில் தூங்காமல் தீப்பெட்டியை முந்தானையில் முடிந்து வைத்திருப்பார்.

'இந்த வயசுல' என்கிறாரா? தென்கொரியாவில் 60 வயது தாண்டிய சுமார் 46,000 ஆண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். விட்டு நான்கு வருடத்துக்கு மேல் ஆனவர்களுக்கு, தொடர்ந்து புகைத்தவர்களைவிட மறதி நோய் ஆபத்து 14 சதவீதம் குறைவு. 2018இல் வெளியான முடிவு இது. அப்பாவிடம் இதைக் காட்டுங்கள்.

டாக்டரிடமும் அழைத்துப் போங்கள். தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை, நிகோடின் சூயிங்கம் எல்லாம் இருக்கின்றன. விட்ட முதல் சில வாரங்களில் எரிச்சல் வரும், கவனம் சிதறும். 'பாத்தியா, விட்டதும் மறதி வந்துடுச்சு' என்பார். அது நிகோடினுக்கு ஏங்கும் உடம்பின் தவிப்பு, சில வாரங்களில் அடங்கிவிடும். இதை அவர் விடுவதற்கு முன்பே சொல்லி வையுங்கள்.